பதினேழாம் ஒழுங்கை, மூன்றாம் மாடி

பாங்கொக்கில் நான் இறங்கினதில்லை.
ஆனால் எனக்குத் தெரியும்
பதினேழாம் ஒழுங்கையில் மூன்றாம் மாடி,
லிஃப்ட் இல்லை,
ஏழாவது படி உடைஞ்சிருக்கு,
செருப்பை வாசலுக்கு வெளியில் விடவேண்டும்.

வாடகை ஐந்தாம் திகதி.
கரண்ட் ஒரு யூனிட் எட்டு பாத்,
அரசாங்க விலையிலும் இரட்டை,
கேட்கக்கூடாது.
குடிக்கிற தண்ணி கீழே மெசினில்,
ஒரு பாத் குற்றிக்கு ஒரு லீற்றர்,
போத்தலை நேராய்ப் பிடிக்காவிட்டால்
காலில்தான் ஊத்தும்.
இதெல்லாம் மல்லாவி பால் நிலையத்தில்
லக்ரோமீற்றர் ஆட்டம் நிற்கக் காத்திருக்கிற நிமிசங்களில்,
காதுக்கும் தோளுக்கும் நடுவில் ஃபோனை இடுக்கிப் படிச்சது.

இங்கே ஐந்தரை என்றால் அங்கே ஏழு.
கேதாரன் பல்லுத் தீட்டிக்கொண்டே கதைப்பான்.
நுரையோடு வருகிற சொல்லுகளை
ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கம் எழுதிவைப்பேன்:
மை பென் ராய், பரவாயில்லை.
பா என்றால் மாமி.
மா என்றால் வா.
குரலை உயர்த்தினால் குதிரை,
இறக்கி ஏற்றினால் நாய்.
"நிகண்டில் எங்களுக்கும் மா குதிரைதான்" என்றேன்.
"அரிசிமா அனுப்பு" என்றான்.

வீட்டுக்காரி பா நொய்.
முதல் மாதம் அவவின் பேரனின் தலையைத் தடவிவிட்டான்.
எங்கட பக்கத்தில் அது ஆசீர்வாதம்.
அவ சிரிச்சா. சிரிச்சபடியே
பிள்ளையை உள்ளே கூட்டிக்கொண்டு போனா.
சிரிப்பில் பத்துப் பன்னிரண்டு வகை இருக்காம் அங்கே.
அது எந்த வகை என்று பிடிபட
ஒரு வருசம் எடுத்தது.
ஆட்களுக்கு நேரே கால் நீட்டக்கூடாது என்றதை மட்டும்
ஆரும் சொல்லித்தரத் தேவையில்லாமல் போச்சு.

யு.என். கடதாசி நெஞ்சுப் பையில், பிளாஸ்ரிக் உறையில்.
பொலிசுக்கு அது வெறும் கடதாசி.
மறிச்சால் ஓடாதே, குரல் உயர்த்தாதே,
கைகூப்பு.
கை எவ்வளவு உயரம் என்பதிலும் கணக்கு இருக்கு:
நெஞ்சு, நாடி, மூக்கு.
கோயிலில் நாங்கள் தலைக்கு மேல் தூக்குவதைக் கண்டால்
என்ன நினைப்பினமோ.

பின்னேரம் ஆறு மணிக்கு ஸ்ரேசனில் நாட்டுப்பாட்டு,
நடக்கிற சனமெல்லாம் அப்படியே நிற்கும்.
முதல் நாள் அவனும் நின்றான்,
ஆர் மறிச்சது என்று திரும்பிப் பார்க்காமலே.
அடையாள அட்டைக்குக் கை
தானாய்ப் பைக்குள் போனதாம்.
"ஓமந்தையில் நிண்ட மாதிரி" என்றான்.
பாட்டு முடிய சனம் நடந்தது.
அவன் இன்னும் கொஞ்சம் நின்றான்.

போன கிழமை வீடியோவில் பா நொய் வந்தா.
என்னைப் பார்த்து,
கின் காவ் ரூ யங்?
அவன் மொழிபெயர்க்க வாய் திறக்க முன்னம்
"சாப்பிட்டாச்சு, நீங்கள்?" என்றேன், தமிழில்.
அவ தலையாட்டினா.
கேதாரனுக்குத்தான்
என்ன நடந்தது என்று விளங்கேல்லை.

இதுக்குள்ளே எங்கட கிணத்து மோட்டர்
மூன்று கிழமையாய் உறுமும், சுத்தாது.
அவன் பூட்டினது.
கப்பாசிற்றர் எத்தனை என்று கேட்டேன்.
"எந்த மோட்டர்?" என்றான்.
பிறகு, "ஓ, அது."
பிறகு மை பென் ராய் என்றான்,
தன்னை அறியாமல்.

நேற்று நானே கழட்டினேன்.
கறுத்து வீங்கின உருளையை
துணுக்காய்ச் சந்திக் கடையில் வைச்சு
இதைப்போல ஒன்று என்றேன்.
தண்ணி வந்தது.
முதல் வாளி சேறு,
இரண்டாவதும் சேறுதான்,
மூன்றாவதில் என் முகம்.

இரவு அவன் மெசேஜ் போட்டிருந்தான்:
கீழே மெசின் பழுது,
குடிக்கிற தண்ணி எங்கே எடுக்கலாம்.
ஒழுங்கை முனையில், சலவைக் கடைக்குப் பக்கத்தில்,
பச்சை மூடிப் பெரிய போத்தல்,
வெறும் போத்தலைத் திருப்பிக் குடுத்தால் காசு குறையும்
என்று எழுதி அனுப்பினேன்.